மூண்டதும் மூட்டியதும்: இரண்டாம் உலகப்போர் பற்றிய உரைநடையில் வினைத்தேர்வு

"1939ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இரண்டாம் உலகப்போர் மூண்டது" என்னும் தொடரையோ அதனை ஒத்த ஒன்றையோ படிக்காமல் தமிழ்வழிக் கல்வியைக் கடந்து வந்தவர் அரியர். பாடநூல், கலைக்களஞ்சியம், நாளிதழின் நினைவுக் கட்டுரை, போட்டித்தேர்வுக் கையேடு என எதை எடுத்தாலும் இவ்வினையே முன்வந்து நிற்கிறது. சிலர் 'வெடித்தது' என்பர். சிலர் 'தொடங்கியது' என்பர். மூன்றிலும் எழுவாய் 'போர்' என்பதே. போரைச் செய்தவர் எவர் என்பது அடுத்த தொடரிலோ அடுத்த பத்தியிலோ கூறப்படலாம், கூறப்படாமலும் போகலாம். எங்குக் கூறப்பட்டாலும், போரின் பிறப்பைச் சொல்லும் முதன்மைத் தொடரில் அவருக்கு இடமில்லை.

இது வெறும் நடை பற்றிய செய்தி அன்று. உலகப்போர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் உரைநடையில் வினைச்சொற்கள் தெரிந்தெடுக்கப்படும் முறை, நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவரைத் தொடரின் அமைப்பிலேயே இல்லாமற் செய்துவிடுகிறது என்பதும், 1914ஆம் ஆண்டின் போருக்கு ஓரளவு பொருந்தக்கூடிய ஒரு வினை 1939ஆம் ஆண்டின் போருக்கும் அப்படியே ஏற்றப்படுவதால் வரலாற்றுப் பிழை நேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மூள் : மூட்டு

தமிழில் உருள்–உருட்டு, சுருள்–சுருட்டு, திரள்–திரட்டு, புரள்–புரட்டு என்னும் இணைகளோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது மூள்–மூட்டு. தீ மூள்கிறது, ஒருவர் தீயை மூட்டுகிறார். மரபிலக்கணம் தன்வினை, பிறவினை என்னும் பெயர்களால் இத்தகைய இணைகளை விளக்கிவந்தது. கு. பரமசிவம் இப்பாகுபாட்டின் குறைகளைச் சுட்டி, இயங்குவினை, இயக்குவினை என்னும் வேறு பாகுபாட்டை முன்வைத்தார். எழுவாயாக நிற்பது தானே ஒரு மாற்றத்துக்கு உள்ளாகுமாயின் வினை இயங்குவினை. எழுவாய் பிறிதொன்றை மாற்றத்துக்கு உள்ளாக்குமாயின் இயக்குவினை. அவ்வகையில் 'மூள்' ஐயத்துக்கு இடமின்றி இயங்குவினை. 'போர் மூண்டது' என்னும் தொடரில் போர்தான் மாற்றத்துக்கு உள்ளாகிறது, முன்பு இல்லாதது பின்பு உண்டாகிறது, அவ்வளவே.

எழுத்துநடை பற்றிய கையேடுகள் பல செயப்பாட்டுவினையை ஐயுறுமாறு அறிவுறுத்துகின்றன. செய்தவரை மறைக்கும் சூழ்ச்சி அதிலேயே உள்ளது என்பது அவற்றின் கருத்து. ஆங்கில நடைநூல்களிலிருந்து வந்த இவ்வறிவுரை தமிழுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. 'போர் தொடுக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டுத் தொடரில் செய்தவர் வெளிப்படாவிடினும் அவருக்கு உரிய இடம் காலியாகவே இருக்கிறது; 'ஜெர்மனியால்' என்று சேர்த்தால் அவ்விடம் நிரம்பும்; 'யாரால்?' என்னும் கேள்வி இயல்பாக எழும். 'மூண்டது' என்பதில் அவ்விடமே இல்லை. 'ஜெர்மனியால் போர் மூண்டது' என்று ஒருவர் எழுதலாம். ஆனால் ஈண்டு 'ஆல்' உருபு வினைமுதலைக் குறிப்பதன்று, ஏதுவைக் குறிப்பது. 'மழையால் பயிர் அழிந்தது' என்பதில் மழை எவ்வாறோ, 'ஜெர்மனியால் போர் மூண்டது' என்பதில் ஜெர்மனி அவ்வாறு. மழைக்கு நோக்கம் இல்லை.

இதனை எளிதில் சோதித்து அறியலாம். 'வேண்டுமென்றே' என்னும் அடையை இரண்டு தொடர்களிலும் சேர்த்துப் பார்த்தால் போதும். 'வேண்டுமென்றே போர் தொடுக்கப்பட்டது', 'வேண்டுமென்றே போர் மூட்டப்பட்டது' என்பன தமிழ்ச் செவிக்கு ஏற்புடையன. 'வேண்டுமென்றே போர் மூண்டது' என்பது ஏலாத் தொடர். மறைந்திருக்கும் வினைமுதலோடு இயைந்துதான் இவ்வடை பொருள் தரும். செயப்பாட்டுவினையில் அவ்வினைமுதல் மறைந்திருக்கிறது, இயங்குவினையில் அது இல்லவே இல்லை. எனவே ஐயுறத்தக்கது 'படு' அன்று. 'படு' வாராத இடமே.

'மூண்டது' என்பது தேய்ந்துபோன உருவகம், அதைப் படிப்பவர் எவரும் தீயை நினைப்பதில்லை, ஆகவே தீங்கில்லை என்று மறுக்கலாம். உருவகம் தேய்ந்தது உண்மை. ஆனால் மேற்காட்டிய சோதனை, உருவகத்தைச் சார்ந்தது அன்று. வினையின் தொடரியல் அமைப்பைச் சார்ந்தது. தீயின் நினைவு மறைந்த பின்னும் வினைமுதலை ஏற்காத அமைப்பு அப்படியே எஞ்சி நிற்கிறது.

தமிழில் வேறு சொற்கள் இல்லை என்பதும் பொருந்தாது. போர் தொடு, படையெடு, பொருது, மேற்செல், முற்றுகையிடு என வினைமுதலை வேண்டி நிற்கும் சொற்கள் பல. தொல்காப்பியப் புறத்திணையியல் வஞ்சித்திணையை வரையறுக்கும்போது, மண்மேல் கொண்ட அடங்கா ஆசையால் ஒரு வேந்தன் மற்றொரு வேந்தன்மேல் அவன் அஞ்சுமாறு செல்லுதல் எனப் பொருள்பட வகுத்தது. சென்றவன், செல்லப்பட்டவன், செல்லுதற்குரிய நோக்கம் ஆகிய மூன்றும் அவ்வரையறையிலேயே உள்ளன. இன்றைய பாடநூல்களும் அரசர் காலத்தைச் சொல்லும்போது இம்மரபைப் பெரிதும் பின்பற்றுகின்றன: சோழன் படையெடுத்தான், பாண்டியன் வென்றான். ஐரோப்பியரின் வருகைக்குப் பின்னர்தான் ஆட்சி 'ஏற்படுகிறது', போர் 'மூள்கிறது', பஞ்சம் 'தோன்றுகிறது'. இந்நடைமாற்றத்தின் வரலாறு தனி ஆய்வுக்கு உரியது.

இரண்டு தொடக்கங்கள்

1914ஆம் ஆண்டை முதலில் கருதலாம். சூன் 28ஆம் நாள் சாராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்சு பெர்டினாண்டு கொல்லப்பட்டார். சூலை 23இல் ஆஸ்திரிய–அங்கேரி செர்பியாவுக்கு 48 மணிநேர இறுதி எச்சரிக்கை விடுத்தது. 28இல் போர் அறிவித்தது. 30இல் ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. ஆகஸ்டு 1இல் ஜெர்மனி ரஷ்யாமீதும் 3இல் பிரான்சுமீதும் போர் அறிவித்தது. 4இல் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அன்றிரவு பிரிட்டன் போரில் இறங்கியது. ஏழே நாளில் ஐந்து வல்லரசுகள். ஒவ்வொன்றும் தன் செயலை மற்றொன்றின் செயலுக்கு எதிர்வினையாகவே காட்டியது. 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை, தனது 231ஆம் கூறில், ஜெர்மனியும் அதன் நட்பு நாடுகளும் தமது வலுத்தாக்குதலால் போரைப் பிறர்மேல் சுமத்தியதாக எழுதியது. அது தெளிவான இயக்குவினை. பின்னாளில் லாயிட் ஜார்ஜ் தம் போர் நினைவுக் குறிப்புகளில், நாடுகள் விளிம்பில் வழுக்கி உள்ளே விழுந்தன என்னும் பொருளில் எழுதினார்; அது தெளிவான இயங்குவினை. 1961இல் பிரிட்ஸ் பிஷர் வெளியிட்ட நூல் ஜெர்மனியின் திட்டமிட்ட நோக்கத்தை மீண்டும் எழுவாயாக்கியது. 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க் ஆட்சியாளர் அனைவரையும் தூக்கத்தில் நடப்பவர்களாகக் கண்டார். நூறாண்டாக வரலாற்றறிஞர்களிடையே நடக்கும் இவ்வழக்கை, ஒரு வகையில், மூள்–மூட்டு என்னும் இணையின்மேல் நடக்கும் வழக்கு எனலாம். வழக்கு முடியாதவரை, முதல் உலகப்போர் 'மூண்டது' என்று எழுதுபவரைப் பெரிதும் குறைகூற இயலாது.

1939ஆம் ஆண்டின் நிலை முற்றிலும் வேறு. போலந்தைத் தாக்குவதற்குரிய திட்டத்தை எந்நேரமும் நிறைவேற்றத்தக்கதாகச் செப்டம்பர் 1ஆம் நாளுக்குள் அணியப்படுத்துமாறு ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே இட்லர் ஆணையிட்டிருந்தார். ஆகஸ்டு 23இல் சோவியத் ஒன்றியத்தோடு உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதன் மறைவான இணைப்பு கிழக்கு ஐரோப்பாவை இரு தரப்புக்கும் பங்கிட்டது. ஆகஸ்டு 26ஆம் நாள் விடியலுக்குக் குறிக்கப்பட்ட தாக்குதல், முந்தைய நாள் மாலையில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு 31இல் கையெழுத்தான போர் நடத்தை பற்றிய முதல் ஆணையில் தாக்குதல் நேரம் காலை 4.45 எனக் குறிக்கப்பட்டது. நல்லெண்ண வருகை என்ற பெயரில் டான்சிக் துறைமுகத்தில் ஏற்கெனவே நங்கூரமிட்டிருந்த ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் என்னும் போர்க்கப்பல், ஏறத்தாழ அந்நேரத்தில் வெஸ்டர்பிளாட்டே காவல்நிலையின்மேல் சுடத் தொடங்கியது. அங்கிருந்த போலந்து வீரர் ஏறத்தாழ 200 பேர் ஏழு நாள் எதிர்த்து நின்றனர். நாள் குறித்து, நிறுத்தி, மறுநாள் குறித்து, மணியும் குறித்துத் தொடங்கப்பட்ட ஒன்றுக்கு 'மூண்டது' என்னும் வினை எவ்வகையில் பொருந்தும்?

வினைமுதலை மறைப்பதன் பயனை அத்தாக்குதலைச் செய்தவர்களே நன்கு அறிந்திருந்தனர். ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு, எல்லையை அடுத்த கிளைவிட்ஸ் வானொலி நிலையத்தைப் போலந்துக்காரர் போலத் தோன்றிய எஸ்.எஸ். ஆட்கள் தாக்கினர், முன்பே சிறைப்பிடிக்கப்பட்டிருந்த ஒருவரின் உடல் சான்றாக அங்கு இடப்பட்டது. அச்செயலுக்குத் தலைமை தாங்கிய ஆல்பிரெட் நௌயோக்ஸ் 1945இல் நியூரம்பெர்க் வழக்குக்காக அளித்த வாக்குமூலத்தில் இதனை விவரித்தார். செப்டம்பர் 1ஆம் நாள் நாடாளுமன்றத்தில் பேசிய இட்லர், போலந்தின் படைவீரர் இரவில் ஜெர்மன் மண்ணில் சுட்டனர் என்றும், காலை 5.45 முதல் தம் படை திருப்பிச் சுட்டுவருவதாகவும் கூறினார். மணிக்கணக்கில் ஒரு மணிநேரப் பிழை இருந்தது; அது பெரிதன்று. கருதத்தக்கது 'திருப்பி' என்பதற்கு ஈடான 'ட்சுரூக்' என்னும் முன்னொட்டு. ஜெர்மன் மொழியின் அச்சிறு முன்னொட்டு தாக்கியவரை எதிர்வினை செய்தவராகவும், தாக்கப்பட்டவரை முதலில் செய்தவராகவும் ஒரே அசைவில் மாற்றியது. இருபது ஆண்டுகளாக ஐரோப்பா கேட்டுப் பழகியிருந்த 1914ஆம் ஆண்டின் கதை அதற்கு ஏற்ற பின்னணியாகவும் அமைந்தது.

செப்டம்பர் 17இல் கிழக்கிலிருந்து போலந்துக்குள் புகுந்த சோவியத் ஒன்றியம், போலந்து என்னும் அரசு இல்லாமற் போய்விட்டது என்றும், அங்குள்ள உக்ரேனிய, பெலாரூசிய உடன்பிறப்புகளைக் காக்கவே படை செல்கிறது என்றும் அறிவித்தது. இல்லாமற் போதலும் இயங்குவினையே. 'மாபெரும் தாய்நாட்டுப் போர்' என்னும் சோவியத் பெயர் 1941 சூன் 22இலிருந்தே போரைக் கணக்கிடுகிறது. 1939இல் போலந்திலும் பின்லாந்திலும் நடந்தவை அப்பெயருக்குள் அடங்கா. ஜப்பான் 1937 சூலை முதல் சீனத்தில் நடத்தியதைப் போர் என்று அறிவிக்கவே இல்லை. 'நிகழ்ச்சி' எனப் பொருள்படும் 'ஜிஹென்' என்னும் சொல்லே அரசின் வழக்கில் இருந்தது. போர் என்று ஒப்புக்கொண்டால் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டத்தால் பொருள் வரவு தடைப்படும் என்னும் கணக்கும் அதில் இருந்தது. நான்காண்டுகளாக நடந்த 'நிகழ்ச்சி', 1941 திசம்பரில்தான் பெயரளவிலும் போராயிற்று.

இந்தியா இப்போருக்குள் கொண்டுவரப்பட்ட முறையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 1939 செப்டம்பர் 3ஆம் நாள் அரசுப்பிரதிநிதி லின்லித்கோ பிரபு வெளியிட்ட அறிவிப்பு, மன்னருக்கும் ஜெர்மனிக்கும் இடையே போர் மூண்டிருக்கிறது என்று, தமக்குக் கிடைத்த தகவலால் உறுதிகொண்டு அறிவிப்பதாக அமைந்தது. சட்டமன்றத்தையோ தலைவர்களையோ கலந்து கொள்ளவில்லை. 'இந்தியாவைப் போரில் ஈடுபடுத்துகிறேன்' என்று எழுதியிருந்தால் 'எவ்வுரிமையால்?' என்னும் கேள்வி எழும். 'மூண்டிருக்கிறது' என்பது வானிலை அறிக்கை போன்றது. அதனை எதிர்த்து வாக்களிக்க வழியில்லை. காங்கிரசின் எதிர்ப்பு அத்தொடரில் இல்லாத வினைமுதலைக் குறித்தே எழுந்தது. அக்டோபர் இறுதியில் சென்னையில் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. பிற மாகாணங்களும் தொடர்ந்தன. இத்துணை அரசியல் பொதிந்த ஒரு வினையைத் தமிழ்ப் பாடநூல்கள் நடுநிலையானதாகக் கருதி இன்றும் வழங்குவது வியப்புக்குரியது.

களங்களைச் சொல்லும் வினைகள்

தொடக்கத்தில் நேர்வது களங்களிலும் தொடர்கிறது. 'பிரான்சு வீழ்ந்தது', 'சிங்கப்பூர் வீழ்ந்தது' என்பன நிலைபெற்ற தொடர்கள். வீழ்–வீழ்த்து என்னும் இணையில் முன்னதே பெருவழக்கு. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமாவிலிருந்த போர்டு தொழிற்சாலையில் பெர்சிவால், யமஷிதாவிடம் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். எண்ணிக்கையில் தம்மினும் குறைந்த படையிடம் பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலிய வீரர் ஏறத்தாழ 80,000 பேர் அந்நகரில் சிறைப்பட்டனர். கைப்பற்றியவர் ஒருவர், ஒப்படைத்தவர் ஒருவர் என இரண்டு வினைமுதல்கள் உள்ள நிகழ்ச்சி இது. 'வீழ்ந்தது' என்னும் வினை இருவரையும் நீக்கிவிட்டு ஊரை எழுவாயாக்குகிறது. தோற்ற பேரரசின் மொழியில் இவ்வாறு சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. அதே வினையைத் தமிழ் ஏன் தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது விளங்கவில்லை. அங்கு வாழ்ந்த தமிழர்க்கு அந்நாள் ஊர் வீழ்ந்த நாள் மட்டுமன்று. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் இறப்பு அதனினும் பன்மடங்கு. அவர்களைப் பற்றிய தொடர்களில் காய்ச்சல் கண்டது, காலரா பரவியது, மடிந்தனர் என்னும் வினைகளே மிகுதி. கைதிகளின் பெயர்ப்பட்டியல்கள் எஞ்சின. தொழிலாளருக்கு அவ்வாறான முழுப் பதிவு இல்லை. வினைமுதலும் இல்லாமல் பெயரும் இல்லாமல் எஞ்சிய இத்தொடர்களில்தான் வினைத்தேர்வின் விளைவு மிக வெளிப்படையாகத் தெரிகிறது.

சோவியத் களத்தில் வேறொரு வழக்கு காணப்படுகிறது. 'பனி ஜெர்மானியரைத் தோற்கடித்தது' என்பர். இது இயக்குவினைதான், ஆனால் வினைமுதலிடத்தில் பருவம் நிற்கிறது. 1941இல் மாஸ்கோவின் வாயிலில் குளிர் கடுமையாக இருந்தது உண்மை. குளிர்காலத்துக்குரிய உடையும் எண்ணெயும் இன்றி ஜெர்மன் படை அல்லலுற்றதும் உண்மை. ஆயினும் திசம்பர் 5இல் தொடங்கிய எதிர்த்தாக்குதலை நடத்தியவர் சூக்கோவின் தலைமையில் அதே பனியில் நின்ற வீரர். போருக்குப்பின் ஜெர்மன் தளபதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகள் பனிக்கும் சேற்றுக்கும் தந்த இடம் பெரிது. பகைவனிடம் தோற்றதினும் பருவத்திடம் தோற்றது இழிவன்று அல்லவா?

ஸ்டாலின்கிராட் இதனினும் தெளிவான சான்று. 1942 நவம்பர் 19இல் தொடங்கிய சோவியத் வளைப்பில் ஆறாம் படை சிக்கியது. 1943 பிப்ரவரி 2இல் எஞ்சியவர் சரணடைந்தனர். கைதியானோர் ஏறத்தாழ 91,000 பேர்; அவர்களுள் நாடு திரும்பியோர் சுமார் 6,000 பேரே. மறுநாள் ஜெர்மன் வானொலியில் வந்த அறிக்கை, ஆறாம் படை இறுதி மூச்சுவரை போரிட்டுப் பகைவரின் மிகுபலத்துக்கும் பாதகமான சூழலுக்கும் இரையாயிற்று என்னும் கருத்துடையது. அதில் சரணடைதல் என்னும் வினை இல்லை. ஒருவர் சரணடைய வேண்டுமெனில் அவர் உயிரோடிருக்க வேண்டும், முடிவெடுக்கவும் வேண்டும். வானொலி கேட்ட பெற்றோர்க்கு 91,000 பேரும் இறந்தவராயினர். அக்காலத்து ஜெர்மன் மொழியை நாள்தோறும் குறித்துவைத்து 1947இல் நூலாக வெளியிட்ட விக்டர் கிளம்பெரர், யூதர் என்பதால் பணியிழந்த மொழியியல் பேராசிரியர். தோல்விக்காலச் செய்தியறிக்கைகளின் இத்தகைய சொற்சுற்றுகளை அவர் கூர்ந்து கண்டார்.

ஜப்பானிய அரசின் அறிக்கைகளும் இதற்குப் பின்தங்கவில்லை. குவாடல்கனாலிலிருந்து 1943 பிப்ரவரியில் படை பின்வாங்கியபோது 'தென்ஷின்' என்னும் சொல் ஆளப்பட்டது. திசைமாறி முன்னேறுதல் என்பது அதன் பொருள். மே மாதத்தில் அத்துத் தீவின் காவற்படை அழிந்தபோது 'கியோகுசாய்', அதாவது மணி நொறுங்குதல், என்னும் பழஞ்சொல் வந்தது. படைத் தலைமையகத்தின் அறிக்கை எனப் பொருள்படும் தொடரே இன்றைய ஜப்பானிய மொழியில் நம்பத்தகாத அரசுச் செய்திக்குப் பெயராய் நிற்கிறது. மக்கள் பேச்சு இவ்வாறு பழிதீர்ப்பது அரிதன்று. முந்தைய போரில், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பல், சூழ்ச்சித்திறன் மிக்கவனைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் வாழ்கிறது. ஏட்டுத்தமிழ் வினைமுதலை இழந்த இடத்தில் பேச்சுத்தமிழ் அதனை உயர்திணையாகவே ஆக்கிக்கொண்டது.

1944ஆம் ஆண்டின் இம்பால், கொகிமாக் களங்கள் ஒரு விலக்கு. அங்கு வழக்கு வினையைப் பற்றியது அன்று, பெயரைப் பற்றியது. முத்தகுச்சியின் பதினைந்தாம் படையோடு இந்திய தேசியப் படையின் பிரிவுகளும் எல்லை கடந்தன. அப்படையில் மலாயாத் தமிழர் பலர் இருந்தனர். பிரிட்டிஷ் நூல்களில் அது 'படையெடுப்பு'; நேதாஜியைப் போற்றும் நூல்களில் 'விடுதலைப் பயணம்'. இரண்டும் வினைமுதலை வேண்டும் சொற்களே. யார், யார்மேல், எதற்காக என்பதில் இரு தரப்பும் மாறுபடுகின்றன. ஆயினும் மாறுபடுவதற்கு இடம் தரும் சொற்களையே இரண்டும் ஆள்கின்றன.

அதே ஆண்டுகளில் வங்கத்தில் நிகழ்ந்தது பற்றித் தமிழ் நூல்கள் 'பஞ்சம் ஏற்பட்டது' என்று எழுதும். 1943ஆம் ஆண்டின் அப்பஞ்சத்தில் இறந்தோர் ஏறத்தாழ 30 இலட்சம் என மதிப்பிடுவர். ஜப்பானியர் வரக்கூடும் என்று அஞ்சி, 1942இல் கடலோர வங்கத்தில் படகுகளையும் நெல் இருப்பையும் அரசு அகற்றியது. போர்ச்செலவால் விலை ஏறியது. கூலியாட்களின் வாங்குந்திறன் சரிந்தது. உணவுப் பற்றாக்குறை ஒன்றையே காரணமாகக் கூறுவது பொருந்தாது என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் காட்டினார். ஆனால் 'ஏற்படு' என்னும் வினை பற்றாக்குறையையும் பருவத்தையும் மட்டுமே தனக்குத் துணையாக அழைத்துக்கொள்ளும். ஈண்டு ஒரே வினைமுதலைச் சுட்டிவிடலாம் என்பதற்கில்லை. செயல்கள் பல, செய்தவரும் பலர். ஆயினும் 'படகுகளைப் பறித்தனர்' என்பது ஒரு தொடர். அதனை எழுத இடமுண்டு.

எழுவாய் இல்லாத கல்வெட்டு

போரின் முடிவில் சட்டத்தின் மொழி வினைமுதலைத் தேடிச் சென்றது. 1945 ஆகஸ்டு 8ஆம் நாள் இலண்டனில் கையெழுத்தான சாசனம், அமைதிக்கு எதிரான குற்றத்தை வரையறுக்கையில் வலுத்தாக்குதற் போரைத் திட்டமிடுதல், அணியப்படுத்துதல், தொடங்குதல், நடத்துதல் என நான்கு செயல்களை அடுக்கியது. நான்கும் வினைமுதலின்றி நில்லாதன. நியூரம்பெர்க்கிலும் தோக்கியோவிலும் அவ்வெழுவாய்களுக்கு மனிதப் பெயர்கள் இடப்பட்டன. சாசனம் கையெழுத்தானதற்கு இரண்டு நாள் முன்புதான் இரோஷிமாவில் குண்டு 'விழுந்தது', அல்லது 'போடப்பட்டது', அல்லது 'அமெரிக்கா போட்டது'. தமிழில் மூன்றும் வழங்குகின்றன, முன்னிரண்டே மிகுதி. அவ்வாண்டின் இறுதிக்குள் இறந்தோர் 1,40,000 அளவினர் என்பது அந்நகரத்தின் மதிப்பீடு.

1952 ஆகஸ்டு 6ஆம் நாள் அந்நகரில் திறக்கப்பட்ட நினைவுக்கல்லின் வாசகத்தை இயற்றியவர் சைக்கா ததயோஷி என்னும் ஆங்கிலப் பேராசிரியர். இறந்தோர் அமைதியுறுமாறு வேண்டி, பிழை மீண்டும் இழைக்கப்படாது என உறுதி கூறுவது அதன் கருத்து. ஜப்பானிய மூலத்தில் எழுவாய் இல்லை. அம்மொழியின் வினைமுற்று இடம், எண் காட்டுவதும் இல்லை. ஆகவே பிழை எவருடையது என்பது வாசகத்தில் எங்கும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் அங்குச் சென்ற இந்திய நீதிபதி இராதாபினோத் பால் இதனைக் கண்டித்தார். குண்டைப் போட்டவர் ஜப்பானியர் அல்லர்; அவ்வாறிருக்கப் பிழை செய்தவர் போல அவர்கள் உறுதி கூறுவதேன் என்பது அவர் வினா. இயற்றியவரோ, எழுவாய் மனிதகுலம் முழுவதும் என்று விளக்கமளித்தார். வாசகத்தின் பொருளை அவ்வாறே விளக்கும் பலகை ஒன்றை 1983இல் நகராட்சி அமைத்தது.

பால் எழுப்பிய இலக்கண வினா சரியானது. ஆனால் அதனை எழுப்பியவரின் நிலையும் சிக்கலானது. தோக்கியோ வழக்கின் நீதிபதிகளுள் ஒருவராக, குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித்தீர்ப்பு எழுதியவர் அவர். ஜப்பானியப் படைகளின் கொடுமைகள் நடந்தன என்பதை அத்தீர்ப்பு மறுக்கவில்லை. அவற்றை அவைமுன் நின்ற தலைவர்களின் செயல்களாகக் கொள்ளச் சான்று போதாது என்றது. அவ்விடத்தில் வினையை ஏற்று வினைமுதலை விலக்கியவர், கல்லின் முன் வினைமுதலைக் கேட்டார். இவ்விரண்டையும் முரண் என்று எளிதில் தள்ளிவிட இயலாது. வென்றவர் தம்மை எழுவாயாக்கிக்கொள்ளாத நீதிமன்றம் என்பதே அவருடைய தீர்ப்பிலும் அடிப்படைக் குறை.

அக்கல்வெட்டைத் தமிழில் பெயர்க்க முயல்வோர்க்குத் தமிழ் வினைமுற்று அந்த மௌனத்தை எளிதில் தருவதில்லை. 'பிழை மீண்டும் நிகழாது' என்று இயங்குவினையால் பெயர்த்தால், வாக்குறுதி முன்னறிவிப்பாகத் தாழும். 'பிழை மீண்டும் செய்யப்படமாட்டாது' என்பது அலுவலக அறிவிப்பின் ஒலியுடையது, ஆயினும் 'யாரால்?' என்னும் கேள்வியை விட்டுவைக்கிறது. 'பிழையை மீண்டும் செய்யமாட்டோம்' என்பதே வாக்குறுதியின் தமிழ். அதில் எழுவாய் வெளிப்படாவிடினும் 'ஓம்' விகுதி தன்மைப் பன்மையை வற்புறுத்திவிடும். ஆனால் முன்னிலையாரை உட்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' என்று பெயர்ச்சொல்லில் தமிழ் காக்கும் வேறுபாடு அவ்விகுதியில் இல்லை. இரண்டுக்கும் 'ஓம்' ஒன்றே. கல்லின் முன் நிற்கும் அமெரிக்கப் பயணியோ தமிழ்ப் பயணியோ அந்த 'ஓம்' என்பதற்குள் அடங்குவாரா என்பதை மொழிபெயர்ப்பாளர் 'நாம்' என்றோ 'நாங்கள்' என்றோ ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.